தாட்சாயணி துலக்கிய விமானம்

நகரியில் தாட்சாயணியின் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தத் தெருவில் இதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. அவள் கணவன் ரகு பவர்லூம் பட்டறைகளில் மெக்கானிக். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க வூட்ல தாராளமா துன்னலாம்பா. தட்டுதான் அழுக்காவக் கூடாது" என்பான். அவள் முறைப்பாள். ஆனால் தட்டை வாங்கிப் போய் உடனே கழுவியும் விடுவாள்.

அந்தக் கைதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ரேணிகுண்டா விமான நிலையத்தில் காண்ட்ராக்ட்காரரிடம் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து காளஹஸ்தி போகிற ரோட்டில் ஒரு தனியார் அறக்கட்டளை பழைய விமானங்களுக்கு மியூசியம் ஆரம்பித்தபோது, மேனேஜர் கோகுலகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். காலை பாசஞ்சரில் நகரியில் ஏறி ரேணிகுண்டாவில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பது மணிக்கு அங்கே நிற்பாள். ஒரு நாளும் ஒன்பது ஐந்து ஆனதில்லை.

மியூசியம் என்றால் பெரிய தகரக் கொட்டகைதான். உள்ளே இரண்டு விமானங்கள். ஒன்று சிறகு கழற்றிய டகோட்டா. இன்னொன்று ஆவ்ரோ. பக்கத்துக்கொரு காற்றாடி வைத்த, நாற்பத்தெட்டு பேர் உட்காரும் பயணிகள் விமானம். எழுபதுகளில் பறந்தது. பறந்து முடித்ததும் யாரோ வாங்கி, ஹைவே ஓரத்தில் ரோஸ் கலர் அடித்து ஓட்டலாக நிறுத்தியிருந்தார்கள். பிறகு ஓட்டலும் படுத்துப்போய், மூன்று லாரிகளில் ஏறி இங்கே வந்து சேர்ந்தது. வாலுக்குப் பக்கத்தில் இருந்த சமையல் தடுப்பில் நுழைந்தால் பழைய எண்ணெய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அந்த நாற்றத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மியூசியத்தின் முதல் ஆயுத பூஜை. ஸ்பேனர், ஏணி, காற்றடிக்கும் பம்ப் எல்லாவற்றையும் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது. "அக்கா, அந்தா மெரிசிபோவாலி" என்றார் கோகுலகிருஷ்ணன். எல்லாம் மின்ன வேண்டுமாம். தாட்சாயணிக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பூஜைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. தகர வேலை பார்க்கும் இஸ்மாயிலைக் கூப்பிட்டு, சமையல் தடுப்பின் பின்பலகையைக் கழற்றச் சொன்னாள். அவர் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, "தொழுகைக்கு நேரமாச்சு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பலகைக்குப் பின்னால் விமானத்தின் உள்சுவர். மஞ்சளும் பச்சையுமான பெயின்ட் அடித்திருந்தது. மேலேயிருந்து ஓட்டல் எண்ணெய் ஒழுகிப் பிசுபிசுவென்று பாதிவரை இறங்கியிருந்தது. அதற்கு நடுவில் பென்சிலால் என்னவோ கிறுக்கியிருந்தார்கள். இங்கிலீஷில் நாலைந்து வரி, கடைசியில் நம்பர்கள். அடியில் தமிழில் ஒரு வரி. தாட்சாயணி ஏழாவது வரை தமிழில் படித்தவள். குனிந்து அதைப் படித்தாள். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். ஓட்டல் பையன்கள் வேலை என்று நினைத்தாள். பிறகு சலவை சோடாவைக் கரைத்து, ஸ்டீல் நாரை எடுத்து, மேலிருந்து கீழாக, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். ஒரு தரம் தேய்த்த பிறகும் பென்சில் லேசாகத் தெரிந்தது. இன்னொரு தரம் தேய்த்தாள்.

சாயங்காலம் இஸ்மாயில் வந்து பலகையை மூடினார். மறுநாள் பூஜையில் கோகுலகிருஷ்ணன் அவளுக்கு ஒரு புடவை வைத்துக் கொடுத்தார். நாற்றம் போனதைப் பற்றி எல்லாரும் இரண்டு வாரம் பேசினார்கள்.

ஹரிப்ரியா வந்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. சென்னைப் பெண், முப்பது முப்பத்தொன்று இருக்கும். பழைய விமானங்களின் சரித்திரத்தை ஆராய்ந்து எழுத அறக்கட்டளை வேலைக்கு வைத்தது. வந்த அன்றைக்கே துடைப்பமும் வாளியுமாக நின்ற தாட்சாயணியைப் பார்த்து, "அக்கா, இனிமே என்னைக் கேக்காம எதையும் துடைக்காதீங்க. இந்த அழுக்கு கூட எனக்கு வேணும்" என்றாள்.

அதை வீட்டில் சொன்னபோது ரகு சோற்றுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப உனுக்கு இன்னாதான் வேல அங்க? அழுக்குக்கு வாட்ச்மேனா?"

வேலை இருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் ஸீட் இடுக்குகளைத் தட்டி, விழுவதையெல்லாம் நம்பர் போட்ட கவரில் போட வேண்டும். ஒரு ஹேர்பின். பாதி கிழிந்த போர்டிங் கார்டு. ஒரு மொட்டைத் தலைக் குழந்தையின் போட்டோ. ஏழாவது வரிசையில் சந்தன வில்லை ஒன்று கிடைத்தபோது ஹரிப்ரியா அதைக் கையில் வாங்கி, "பாருங்கக்கா, திருப்பதிக்கு வந்துட்டுப் போன யாரோ" என்றாள். அந்த மாதிரி நேரங்களில் தாட்சாயணிக்கு சந்தோஷமாக இருக்கும். ஆனால் பலகைக்குப் பின்னால் பார்த்ததும் அப்போதெல்லாம் ஞாபகம் வரும். ஓட்டல் பையன்கள் எழுதியதுதானே என்று சொல்லிக்கொள்வாள். ஓட்டல் பையன்கள் ஸ்க்ரூ கழற்றிப் பலகைக்குப் பின்னால் போய் எழுதுவார்களா என்ற கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவ்ரோவைப் பற்றி ஹரிப்ரியாவுக்கு ஒரே ஒரு சிக்கல்தான். விமானத்தின் நம்பர் தகட்டை யாரோ எப்போதோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு ஆவ்ரோக்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். ஒன்று ஓட்டலானது. இன்னொன்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். எது ஓட்டலானது, எதை வெட்டினார்கள் என்பது காகிதங்களில் குழம்பிக் கிடந்தது. மாதக்கணக்கில் பழைய மெக்கானிக்குகளுக்கு எழுதியும் போன் போட்டும், கடைசியில் சித்தூரில் வேங்கடாசலத்தைக் கண்டுபிடித்தாள். எண்பத்தோரு வயது. அந்த இரண்டில் ஒன்றை அவர் கையாலேயே பிரித்துப் பூட்டியிருக்கிறார்.

போன தை மாதம் அவர் மகள் இந்திராணியோடு காரில் வந்தார். பேண்ட்டைத் தொப்புளுக்கு மேல் ஏற்றி பெல்ட் போட்டிருந்தார். ஏணிப்படியில் ஏறும்போது யார் கையையும் பிடிக்கவில்லை. உள்ளே வந்ததும் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"மெட்ராஸ் பட்டறைம்மா. பெரிய இன்ஜினியர் யாரும் பக்கத்துல இல்லாம நாங்களே முழுசா பிரிச்சுப் பூட்டின மொதல் ஏரோப்ளேன். நான், சிட்டிபாபு, ஹேமநாத், மோகன்ராஜ். அவங்க மூணு பேரும் இப்ப இல்ல. பின்னாடி பேன்ட்ரி, அதான் அந்த சமையல் தடுப்பு, அதோட சுவத்துல நாலு பேரும் பேர் எழுதி தேதி போட்டோம். பென்சில்ல. அப்புறம் பலகையை வச்சு மூடிட்டோம். இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா நாலு பேருக்கும் மெமோதான்!"

இந்திராணி, "ஒரு வாரமா இதேதான் மேடம் வீட்டுல" என்று சிரித்தாள்.

"அது இருந்தா இது எங்களோடது. இல்லேன்னா எங்களோடதை வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். தொறங்க பாக்கலாம்" என்றார்.

கையில் பிரஷ்ஷோடு ஏழாவது வரிசையில் தாட்சாயணி நின்றிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இஸ்மாயில் முதல் ஸ்க்ரூவைக் கழற்றினார். இப்போது சொல்லலாம். மூன்றாவது. நாலாவது. எட்டு ஸ்க்ரூ கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுவர் சுத்தமாக இருந்தது.

வேங்கடாசலம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். ஹரிப்ரியா டார்ச்சை நேராகப் பிடித்தாள், சாய்த்துப் பிடித்தாள்.

"இது இல்லம்மா" என்றார். கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, "அப்ப அதை வெட்டிட்டாங்க" என்றார்.

இறங்கும்போது மகள் தோளைப் பிடித்துக்கொண்டார். டீ வேண்டாம் என்றார். ஏணிக்கடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாட்சாயணியைப் பார்த்து, "நல்லா சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்மாயில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார். "தாட்சாயணி, பூஜைக்கு அந்த இடத்தை நீதானே கழுவினே? எழுத்து கிழுத்து எதனா இருந்துச்சா?"

"இன்னா எழுத்து? எண்ணெதான் வழிஞ்சிக்கினு இருந்திச்சி."

"அதான பாத்தேன்" என்று அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

எண்ணெய் வழிந்தது உண்மைதான். அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு அவள் பத்து நாள் ஓட்டினாள். பதினோராம் நாள் ரகு, காபி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "இன்னா தாச்சு, கற அப்படியே கீது. ஒடம்பு சரியில்லியா?"

அவனிடம் சொன்னாள். அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "பென்சில் கிறுக்கலுக்கா இப்டி சோறு துன்னாம கீற? கழுவச் சொன்னது மேனேஜரு. உம்மேல இன்னா தப்பு?"

"அவுரு கழுவத்தான் சொன்னாரு. தெரியாம கழுவியிருந்தா பரவால்ல. நான் குனிஞ்சி படிச்சன். படிச்சிட்டுத்தான் தேச்சன்."

"செரி, இப்ப சொன்னா வேலய உட்டுத் தூக்கிட்டாங்கன்னா?"

அவள் அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். வேலையைப் பற்றிய பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது, அதை ரகுவிடம் சொல்ல முடியவில்லை. சுத்தக்காரி என்ற ஒரே பெயர்தான் அவளுக்கு உண்டு. தேய்த்ததே தப்பு என்று நாலு பேர் முன்னால் சொன்னால் அந்தப் பெயரும் போய்விடும்.

மாசியில் ஹரிப்ரியா ஆவ்ரோவின் முன்னால் வைக்கிற தகவல் பலகையை எழுதி முடித்தாள். இங்கிலீஷ், தெலுங்கு, தமிழ். அச்சுக்குப் போவதற்கு முன்னால் தமிழ்த் தாளை தாட்சாயணியிடம் நீட்டினாள். "அக்கா, சத்தமா ஒரு தடவை படிங்க. நீங்க எங்க தடுக்கறீங்களோ அங்க மாத்தறேன். வர்றவங்களுக்குப் புரியணும்."

தாட்சாயணி படித்தாள். நாற்பத்தெட்டு இருக்கைகள் என்றது. இரண்டு விமானங்கள் என்றது. ஓட்டல் வந்தது. பிறகு, "சித்தூரைச் சேர்ந்த திரு. வேங்கடாசலம் நேரில் வந்து பார்த்து, தாமும் தம் நண்பர்களும் பணிபுரிந்த விமானம் இதுவல்ல என்று உறுதி" என்று படித்து நின்றாள்.

"'உறுதி செய்தார்' கஷ்டமா இருக்கா? 'சொன்னார்'னு போட்டுடலாமா?"

"மேடம், இது பொய்."

"எது?"

"எழுத்து இருந்திச்சி. நான்தான் தேச்சன். சோடா போட்டு ஸ்டீல் நாருல ரெண்டு வாட்டி."

ஹரிப்ரியா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லி, நோட்டை எடுத்துக் கேள்வி கேட்டாள். என்றைக்கு? பக்கத்தில் யார்? எத்தனை வரி? எந்த உயரத்தில்? ஒவ்வொன்றையும் எழுதினாள். பிறகு எழுந்துபோய் இஸ்மாயிலை அழைத்துப் பலகையைக் கழற்றச் சொல்லி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பிடித்தாள். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் தெரிந்தது. மயிரிழைக் கீறல்கள், வட்டம் வட்டமாக, ஒரு ஆள் கை எட்டும் உயரத்திலிருந்து முழங்கால்வரை. தாட்சாயணி தன் கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

"இது அன்னைக்கே தெரிஞ்சுது. ஓட்டல்காரங்க தேய்ச்சதுன்னு எழுதி வச்சிருக்கேன்" என்றாள் ஹரிப்ரியா. டார்ச்சை அணைத்தாள். "அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லியிருந்தா இது சாட்சிக்கா. இப்ப நாலு பேரு, தேதின்னு சொன்னா, அவர் சொன்னதைக் கேட்டுட்டுச் சொல்றீங்களான்னு எல்லாரும் கேப்பாங்க. நானே கேப்பேன்."

இஸ்மாயில் ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நின்றார். "எங்கிட்டயே எண்ணெ மட்டும்னு சொன்னியே, தாட்சாயணி" என்றார். பிறகு சூழ்நிலையைத் தாங்கமுடியாமல், "ஒரு பென்சில் குடுங்க மேடம், நான் எழுதிடறேன். என் கையெழுத்தும் யாருக்கும் புரியாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"அவுரு சொல்லாதது ஒண்ணு கீது மேடம்" என்றாள் தாட்சாயணி. "அடியில தமிழ்ல ஒரு வரி. 'மழை. சாப்பாடு இன்னும் வரலை'ன்னு. அதப் படிச்சிட்டுத்தான் சிரிச்சன்."

ஹரிப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். உடனே போனை எடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசக்கூடாது. நானும் அவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவரா சொல்லணும்" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

நலம் விசாரித்துவிட்டுக் கேட்டாள். "சார், பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி. உங்க நாலு பேர் பேரும் தேதியும் தவிர அந்தச் சுவத்துல வேற ஏதாவது எழுதியிருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லையேம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிக்க என்ன இருக்கு? நாலு பேரு, தேதி. அவ்ளோதான். இப்ப எதுக்கும்மா அது?"

தாட்சாயணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மழை என்று ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வந்தால் போதும். வரவில்லை. ஹரிப்ரியா போனை வைத்துவிட்டு நோட்டில் அதையும் எழுதினாள், நேரம் போட்டு.

"இனிமே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம். கேக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. நான் சொல்லட்டுமா?"

"நானே போறன் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் சித்தூர் பஸ் ஏறினாள். சந்திரகிரி தாண்டும்வரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். சித்தூரில் இறங்கி, கொங்காரெட்டிப்பள்ளியில் வீட்டைத் தேடிப்பிடித்துப் போனபோது அது எல்லாமே மறந்துவிட்டது. இந்திராணி கதவைத் திறந்தாள். "ஏரோப்ளேன் மியூசியத்துலேர்ந்தா? அப்பாகிட்ட அந்தப் பேச்சே எடுக்க மாட்டோம் இப்பல்லாம். டிவியில ப்ளேன் வந்தாக்கூட சேனலை மாத்திடறார்" என்று மெதுவாகச் சொன்னாள்.

வேங்கடாசலம் தினசரியை மடித்து வைத்துவிட்டு, உட்காருங்க என்றார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஆயுத பூஜையைச் சொன்னாள். எண்ணெயைச் சொன்னாள். ஸ்டீல் நாரைச் சொன்னாள்.

"ஸ்டீல் நாரா!" கிழவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அலுமினியம் மேல யாராவது ஸ்டீல் நாரைப் போடுவாங்களா? துகள் ஒட்டிக்கிட்டா அரிச்சுத் தின்னுடுமே! எவன் குடுத்தான் உங்களுக்கு ஸ்டீல் நாரு?"

"வூட்லேர்ந்து எட்னு வந்தங்க."

"கடவுளே" என்று உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது. முகம் மெல்ல மாறியது. "அப்ப எழுத்து இருந்துச்சு. நீங்க பாத்தீங்க. நான் அங்க நின்னு தேடினப்ப நீங்களும் அங்கதான் நின்னீங்க."

"ஆமாங்க."

"நான் போயிட்டு வர்றேன்னு சொல்றவரைக்கும்."

"ஆமாங்க."

தமிழ் வரியையும் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை பெஞ்சுது" என்றார். "கேன்டீன்காரன் வரலை. நாங்க மூணு பேரும் கை கழுவப் போயிட்டோம். பலகையைப் பூட்டினது ஹேமநாத்தான். அவனுக்குப் பசி தாங்காது." சட்டென்று நிறுத்தினார். "இல்ல. நீங்க மழைன்னு சொன்னதால எனக்கு மழை ஞாபகம் வருதா? அன்னிக்கு நெசமாவே மழை பெஞ்சுதா? போன்ல அந்தப் பொண்ணு கேட்டப்ப எனக்கு ஒண்ணும் வரலியே." மகளைப் பார்த்தார். "தெரியலியேம்மா."

தாட்சாயணி அதற்குத் தயாராக வரவில்லை. திட்டுவார் என்று நினைத்தாள், அழுவார் என்றுகூட நினைத்தாள். சுவரில் இருந்ததை மட்டுமல்ல, அவர் தலைக்குள் இருந்ததையும் தேய்த்துவிட்டோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அவங்களுக்குக் காபி குடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். காபி ஆறி, அவள் குடித்து, டம்ளரை வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்வரை வெளியே வரவில்லை.

தாட்சாயணி சொன்னதை ஹரிப்ரியா நான்கு பக்கம் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினாள். சித்தூரில் அவர் சொன்னதும், எதை யார் முதலில் சொன்னார்கள் என்பதும் அதில் இருந்தது. கோகுலகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, கழுவச் சொன்னது நான்தான் என்று தானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை. தகவல் பலகையில் வாசகம் மாறியது. அந்த நால்வரும் பிரித்துப் பூட்டிய விமானம் "பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்" என்று. "பெரும்பாலும்" வேண்டாமே என்று கோகுலகிருஷ்ணன் கெஞ்சிப் பார்த்தார். ஹரிப்ரியா அசையவில்லை. "எழுத்து இருந்திருந்தா எடுத்திருப்பேன் சார்" என்றாள்.

வேங்கடாசலத்துக்கு அந்தப் பலகையின் போட்டோவை அனுப்பினார்கள். பார்த்தார் என்று இந்திராணி சொன்னாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள் வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெருமாளைப் பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று வந்தவர்கள். அந்த அம்மாள் பலகையை முழுக்கப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற தாட்சாயணியைக் கேட்டாள். "பெரும்பாலும்னா? கண்டிப்பா தெரியாதாங்க?"

போன வாரம்வரை இந்தக் கேள்வி வந்தால் தாட்சாயணி ஆபீஸ் பக்கம் கை காட்டிவிடுவாள். அன்றைக்கு ஹரிப்ரியா லீவு.

"தெரியறதுக்கு உள்ள பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்க. நான் தேச்சிட்டன்."

"அய்யோ. தெரியாம பண்ணிட்டீங்களா?"

"எழுத்துன்னு தெரிஞ்சிதாங்க தேச்சன். மொதல் வாட்டி போவல. ரெண்டாவது வாட்டி தேச்சன்."

அந்த அம்மாள் திரும்பவும் பலகையைப் பார்த்தாள். குழந்தைகள் ஏணிப்படியில் ஏறத் தொடங்கியிருந்தன. தாட்சாயணி போய் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.